“எங்க அப்பா தினமும் செய்றதுதானே மிஸ்!”

கேள்வி: வணக்கம் சார். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் வேளாண் தொழிற்பிரிவு ஆசிரியையாக இருக்கிறேன். வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பிளஸ் 1 வகுப்பில் 34 பேர். பள்ளிக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம், போர் தண்ணீர் எல்லாம் இருந்தும் பிள்ளைகளுக்கு எதிலும் ஆர்வமில்லை. தோட்டத்துக்குக் கூட்டிப்போனால் பையன்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள், மாணவிகள் சொன்னதை மட்டும் செய்துவிட்டுப் பேசாமல் நிற்கிறார்கள். மூன்று பேர் முதல் பீரியடிலேயே தூங்குகிறார்கள். போன வருடம் நன்றாகச் செய்கிறவர்களுக்குப் பரிசும் சான்றிதழும் அறிவித்தேன், அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு பையன் எழுந்து நேராகவே கேட்டுவிட்டான்: “இதெல்லாம் எங்க அப்பா தினமும் செய்றதுதானே மிஸ், இதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?” எனக்குப் பதில் வரவில்லை. இவர்களுக்கு எப்படி ஆர்வம் வரவைப்பது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பையனின் கேள்விதான். ஆர்வமே இல்லாத பிள்ளை கேள்வி கேட்காது, அது பாட்டுக்கு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கும். அவன் கேட்டதில் நியாயமும் இருக்கிறது. பாத்தி கட்டுவது எப்படி என்று நீங்கள் போர்டில் படம் போடுகிறீர்கள், அவன் ஏழாம் வகுப்பிலிருந்து மண்வெட்டி பிடிக்கிறவன். அவனுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் சில விஷயங்கள் பேசவேண்டும்.

இதே பிரிவில் 31 வருடம் பாடம் எடுத்தவன் நான். 1978-ல் பிளஸ் 2 வந்தபோதே தொழிற்பிரிவுகளும் வந்துவிட்டன, ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை இந்த வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து சேரும் வழி பெரிதாக மாறவில்லை. பத்தாம் வகுப்பு மார்க் வந்ததும் முதல் குரூப் நிரம்பும், அப்புறம் காமர்ஸ் நிரம்பும், மீதி நிற்கிற பிள்ளையிடம் “உனக்கு வொக்கேஷனல்தான் இருக்கு” என்று சொல்வார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து “படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போவ” என்று திட்டு வாங்கி வளர்ந்த பிள்ளையை, மார்க் குறைந்த அன்றைக்கே வேளாண்மை வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அது என்ன நினைக்கும்? தீர்ப்பு எழுதியாச்சு என்றுதான் நினைக்கும். வீட்டிலும் அப்பா “நான் வெயில்ல பட்டது போதும், நீயாவது நிழல்ல உட்காரு” என்கிறார், அவர் பறிப்புக்கூலிக்குக்கூட விலை கட்டுப்படியாகாமல் தக்காளியைச் செடியோடு விட்டவராக இருக்கலாம், அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. வேப்பமரத்தடியில் உட்காருகிற பையன்கள் இதையெல்லாம் சுமந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால் முதல் வேலையாகத் தலைமை ஆசிரியரிடமும் மற்ற ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டு வாங்குங்கள்: தோட்ட வேலையைத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது. லேட்டாக வந்தவன் போய்த் தண்ணீர் ஊற்று, வீட்டுப்பாடம் எழுதாதவன் போய்க் களை எடு என்பது பல பள்ளிகளில் சாதாரணமாக நடக்கிறது. நானே என் ஆரம்ப வருடங்களில் அப்படி அனுப்பியிருக்கிறேன், இன்று நினைத்தாலும் உறுத்துகிறது. மற்ற வகுப்புப் பிள்ளைகள் தண்டனைக்காக வந்து நிற்கும் இடத்தை உங்கள் பிள்ளைகள் எப்படித் தங்கள் பாட அறை என்று நினைப்பார்கள்?

தூங்குகிற மூன்று பேர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாவட்டம் என்பதால் கேட்கிறேன், அவர்கள் பூ பறித்துவிட்டு வருகிறார்களா? நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைக்கு விடியற்காலையில் இறங்கவேண்டும், மொட்டு விரிவதற்குள் பறித்தாகவேண்டும், சந்தைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். நாலு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் குனிந்து பறித்துவிட்டு, குளித்தும் குளிக்காமலும் பஸ் பிடித்து வருகிற பிள்ளை ஒன்பதரை மணிக்கு மண் வகைகள் பற்றிய பாடத்தில் தூங்காமல் என்ன செய்யும்? வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். தனியாக, நடந்துகொண்டே, “காலைல எத்தனை மணிக்கு எழுந்த?” என்று மட்டும் கேளுங்கள், மீதியை அவர்களே சொல்வார்கள். முடிந்தால் செய்முறையை முதல் பீரியடுக்குக் கொண்டுவாருங்கள், வெயிலும் ஏறியிருக்காது, நின்றுகொண்டு வேலை செய்கிறவனுக்குத் தூக்கமும் வராது. இன்னொன்றும் செய்யலாம். மொட்டின் பருவம், பறிக்கும் நேரம், முகூர்த்த நாளில் விலை எப்படி ஏறுகிறது, கமிஷன் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதையெல்லாம் வகுப்புக்கு எடுக்கும் வேலையை அந்த மூன்று பேரிடமே கொடுங்கள். என் வகுப்பில் வருடம் முழுக்க வாய் திறக்காத ஒருவன் மல்லிகைக் கமிஷனைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினான், எனக்கே தெரியாததை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் எழுதுவதை அவன் பார்த்தான். அதற்கப்புறம் அவன் என் வகுப்பில் தூங்கி நான் பார்த்ததில்லை.

சரி, பரிசு. நீங்கள் நல்லெண்ணத்தில் செய்தது தெரியும். ஆனால் அது ஒரு மாதம் தாங்காததில் ஆச்சரியமில்லை. 1973-ல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், படம் வரைவதில் தாங்களாகவே ஆசை உள்ள குழந்தைகளைப் பிரித்து, ஒரு பகுதியினரிடம் “வரைந்தால் சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் ஓய்வு வேளையில் வரைந்தார்கள். ஆசை இருந்த இடத்திலேயே பரிசு இப்படிச் செய்கிறது. ஆசையே இல்லாத இடத்தில் அது இன்னும் மோசமாக, “இது யாரோ கூலி கொடுத்தால்தான் செய்யவேண்டிய வேலை” என்று சொல்லிக்கொடுத்துவிடும். அதுவும் 34 பேருக்கு மூன்று பரிசு என்றால் மீதி 31 பேர் முதல் வாரத்திலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம்தான் டீச்சர். அந்த அரை ஏக்கர் இப்போது உங்களுடையது. என்ன விதைப்பது என்று முடிவு செய்வது நீங்கள், எப்போது தண்ணீர் விடுவது என்று சொல்வது நீங்கள், விளைந்தால் அது எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அடுத்தவர் காட்டில் கூலியில்லாமல் வேலை செய்கிற மாதிரிதான் அவர்களுக்கு இருக்கும். நிலத்தை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவில் 1917-ல் தொழிற்கல்விக்கு ஒரு சட்டம் போட்டபோதே, வேளாண்மை படிக்கும் மாணவர் வருடத்தில் குறைந்தது ஆறு மாதம் மேற்பார்வையோடு நிலத்தில் பயிற்சி பெறவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அங்கே 1928-ல் தொடங்கிய எஃப்எஃப்ஏ என்ற மாணவர் அமைப்பில் இன்றைக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தமாக ஒரு பயிரோ கால்நடையோ வேலையோ இருக்கும், அதற்கு ஒரு கணக்குப் புத்தகமும் இருக்கும். அவர்களுடைய பண்ணை வேறு, நம்முடையது வேறு, ஆனால் சொந்தமாக ஒன்று இருக்கவேண்டும் என்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

34 பேர் என்றால் 17 ஜோடி. ஜோடிக்கு அரை சென்ட் அளந்து கொடுங்கள், அளப்பதையும் அவர்களே செய்யட்டும், வரப்புத் தகராறு நிச்சயம் வரும், வரட்டும். யார் யாரோடு சேருவது என்பதையும் என்ன போடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்யவேண்டும். நீங்கள் சொல்லவேண்டியது ஒன்றுதான், முதல் பயிர் சீக்கிரம் கைக்கு வருவதாக இருக்கட்டும். முளைக்கீரை 25 நாளில் பிடுங்கலாம், வெந்தயக்கீரையும் அப்படித்தான், முள்ளங்கி 45 நாள், வெண்டை 45 நாளுக்கு மேல் காய்க்க ஆரம்பிக்கும். நாலு மாதம் காத்திருக்கவேண்டிய பயிரை முதலில் கொடுத்தால் பாதியில் கைவிட்டுவிடுவார்கள். கீரைக்கு அரை சென்ட்டுக்கு 5 கிராம் விதை போதும், மணலோடு கலந்து தூவச் சொல்லுங்கள், எறும்பு விதையை இழுக்காமல் இருக்க ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய் போடுவது நம் பாட்டிமார் வழக்கம், அதைச் சொல்லித்தர உங்கள் வகுப்பில் யாராவது இருப்பார்கள். பிளஸ் 1 வகுப்பு தொடங்கி, பிள்ளைகள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வதற்குள் ஆடி வந்துவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் பள்ளிக்காலண்டருக்கும் சரியாகத்தான் இருக்கிறது.

அப்புறம் கஷ்டமான பகுதி. ஒரு பாத்தி காய்கிறது என்றால் நீங்கள் போய்த் தண்ணீர் விடக்கூடாது. எனக்கு இதுதான் ரொம்ப நாள் கைவரவில்லை, சாயங்காலம் எல்லோரும் போனபின் ஹோஸைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாத்தியையும் நனைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பிள்ளைகளுக்கு அது தெரிந்துபோனது, “சார் பாத்துக்குவார்” என்று விட்டுவிட்டார்கள். ஒரு வருடம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு நிறுத்தினேன். இரண்டு பாத்தி காய்ந்தது. அதில் ஒரு ஜோடி மறுபடியும் விதை கேட்டு என்னிடம் வந்தார்கள், இன்னொரு ஜோடி வரவில்லை, அவர்களை நான் இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு நாற்றங்கால் பொறுப்பைக் கொடுத்தேன். எல்லாருக்கும் ஒரே வழி பலிக்காது. விதையை ஆழத்தில் புதைத்து ஒன்றுகூட முளைக்காமல் போன ஒரு ஜோடியும் இருந்தது, பக்கத்துப் பாத்தி பச்சையாக நிற்கும்போது அவர்களுடையது வெறும் மண்ணாக நின்றது, மேல்மண்ணைக் கிளறிப் பார்த்து எங்கே தப்பு என்று அவர்களே கண்டுபிடித்த பிறகு விதைக்கும் ஆழத்தைப் பற்றி நான் பாடமே எடுக்கவேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கணக்கு நோட்டு வேண்டும். வரவு, செலவு, யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும். இந்த நோட்டை வைத்து நீங்கள் எடுக்கப்போகும் ஒரு வகுப்பு இரண்டு வருடத்துக்கும் தாங்கும் என்று உறுதியாகச் சொல்வேன். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: விதை, தொழுவுரம் எல்லாம் சேர்த்து 60 ரூபாய் செலவு, 40 கட்டுக் கீரை பத்து ரூபாய் வீதம் 400 ரூபாய்க்குப் போனது. லாபம் 340 என்று பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும், கைதட்டுங்கள். அடுத்து, நீங்கள் இருவரும் எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்று கேளுங்கள். 12 மணி நேரம், அதாவது இரண்டு நாள் வேலை. ஊரில் ஒரு நாள் கூலி 300 என்றால் 600 ரூபாய். இப்போது 260 ரூபாய் நஷ்டம். வகுப்பு அமைதியாகிவிடும், அப்புறம் சத்தம் கிளம்பும். “எங்க வேலைக்கு எதுக்கு மிஸ் கூலி போடணும்?” என்று ஒருவன் கேட்பான், “அப்ப எங்க அம்மா எங்க காட்டுலயே களை எடுக்குறாங்களே, அதுக்கு?” என்று ஒருத்தி கேட்பாள்.

அந்த நேரத்தில் நீங்கள் போர்டுக்குப் போகலாம். நெல்லுக்கும் பருப்புக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. விதை, உரம், கூலியாள், டீசல் என்று கையை விட்டுப் போன செலவுக்கு ஏ2 என்று பெயர். குடும்பத்தார் உழைப்புக்கும் மதிப்புப் போட்டுச் சேர்த்தால் ஏ2 கூட்டல் எஃப்எல். சொந்த நிலத்துக்கு வாடகை, போட்ட முதலுக்கு வட்டி என்று அதையும் சேர்த்தால் சி2. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் 2004-ல் அமைத்த தேசிய விவசாயிகள் ஆணையம், சாகுபடிச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வைத்து விலை தரவேண்டும் என்று சொன்னது. அந்தச் செலவு எது என்பதில்தான் சண்டை. 2018 பட்ஜெட்டில் ஒன்றரை மடங்கு என்று அறிவித்து, அதை ஏ2 கூட்டல் எஃப்எல் மேல் கணக்கிடுகிறார்கள், சி2 மேல் கணக்கிடவேண்டும் என்கிறார்கள் விவசாய சங்கங்கள். டெல்லி வரை நடக்கும் சண்டையின் விஷயம் தங்கள் கீரை நோட்டிலேயே இருக்கிறது என்று தெரியும்போது பதினாறு வயதுப் பிள்ளையின் முகம் மாறும், நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அப்பா ஏன் சாயங்காலம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குக் கணக்காகப் புரிகிறது.

விற்ற பணம் பிள்ளைகளுக்குப் போகவேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பரிசு வேண்டாம் என்று சொன்ன நானே பணம் கொடுக்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். பரிசு என்பது நீங்கள் பார்த்துத் தருவது, இது அவர்களுடைய சரக்கு சந்தையில் வாங்கிய விலை, சில நாள் எட்டு ரூபாய்க்கும் போகும். ஆனால் பள்ளி வளாகத்தில் பணம் என்றாலே தலைமை ஆசிரியருக்குப் பயம் வரும், அந்தப் பயமும் நியாயமானது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி, மூன்றில் இரண்டு பங்கு ஜோடிக்கு, ஒரு பங்கு அடுத்த விதைக்கு என்று தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். குழுவில் பெற்றோர்தான் அதிகம், அவர்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். வாங்கும் ஆளும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், ஆசிரியர்கள், தெருக்காரர்கள், சத்துணவுச் சமையல்கூடம். இலவசமாகக் கேட்கிற ஆசிரியருக்குக் கொடுக்கவேண்டாம் என்று பிள்ளைகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மாணவிகள் பேசாமல் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கலப்பு ஜோடியாகப் போட்டால் மண்வெட்டி பையனிடமும் நோட்டு பெண்ணிடமும் போய்விடும், அதனால் அவர்களுக்குள்ளேயே ஜோடி சேரட்டும், மண்வெட்டியும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். போர் மோட்டார் ஸ்விட்ச் யார் போடுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள், பெரும்பாலும் பையன்கள்தான் போடுவார்கள். அதை முறை வைத்து மாற்றுங்கள். தோட்டத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை திறந்திருக்கிறதா, கை கால் கழுவத் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள், பல பெண்பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் அதுவாக இருக்கும். வெயில் ஆகாதவர்களுக்குச் சிப்பிக்காளான் நல்லது, ஒரு பழைய வகுப்பறையும் வைக்கோலும் போதும், வைக்கோலை ஊறவைத்து, அவித்து, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில் அடுக்கி விதை போட்டால் மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். கோடையில் மட்டும் வேண்டாம்.

படித்து என்ன ஆகும் என்ற கேள்விக்கும் பதில் கையில் வைத்திருங்கள், ரொம்ப நீட்டவேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட வேளாண் பட்டயப்படிப்பு இருக்கிறது, அதை முடித்தால் உதவி வேளாண் அலுவலர் வேலைக்குத் தேர்வு எழுதலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் வேளாண் பட்டப்படிப்பிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி இடங்களும் உண்டு, அந்த வருட விவரக்குறிப்பை வாங்கி வகுப்பில் ஒட்டிவிடுங்கள். 18 வயது ஆனால் ட்ரோன் ஓட்டுநர் சான்றிதழுக்குப் போகலாம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். விவசாயத்துக்கே வராமல் வேறு வேலைக்குப் போகிற பிள்ளையும் உங்களுக்குத் தோல்வி இல்லை, அவனை அப்படிப் பார்க்காதீர்கள்.

இப்போது அந்தப் பையன். நாளைக்கு வகுப்பில் அவனிடம், “நீ கேட்டது சரிதான், உங்க அப்பா செய்றதை நான் உனக்குச் சொல்லித்தர முடியாது. உங்க காட்டு மண்ணுல என்ன இருக்கு, என்ன இல்லைன்னு உங்க அப்பாவுக்குத் தெரியுமா, கேட்டுட்டு வா” என்று சொல்லுங்கள். பெரும்பாலும் பார்த்திருக்கமாட்டார். அப்புறம் எல்லோரையும் வைத்துக்கொண்டு மண் மாதிரி எடுக்கச் சொல்லிக்கொடுங்கள், வரப்போரம், மரத்தடி, எருக்குவித்த இடம் எல்லாம் தவிர்த்து, காடு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில வி எழுத்துப் போலக் குழி வெட்டி, அரையடி ஆழம்வரை பக்கவாட்டில் ஒரே கனத்தில் சீவி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கைத் தள்ளித் தள்ளி அரை கிலோ ஆக்கும் வரைக்கும். அதை அவன் சனிக்கிழமை தன் அப்பாவோடு போய் எடுத்துவரட்டும். நீங்கள் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி, முடிவு வந்ததும் நீங்கள் விளக்காமல் அவனிடமே தாளைக் கொடுத்து, அப்பாவுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏற்கெனவே அதிகம் என்று வந்தால், அந்தச் சத்தைத் தரும் டிஏபி உரத்தில் இந்த வருடம் எத்தனை மூட்டை குறைக்கலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போடுவார்கள்.

ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது, மாதிரியை இப்போதே அனுப்பினால் விதைப்புக்கு முன் முடிவு வந்துவிடும்.